மலையில மிஷன் ஸ்கூல் வேலைக்குப் போறீங்களா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

நான் வத்தலக்குண்டு பக்கம். எம்எஸ்சி பிஎட், மேத்ஸ். ரெண்டு வருஷம் முன்னாடி ஜூன் மாசம் கொடைக்கானல் இருக்கற பழனி மலைத்தொடர்ல ஒரு போர்டிங் ஸ்கூல்ல டீச்சரா சேர்ந்தேன், ஜனவரி கடைசில வெளிய வந்துட்டேன், அதுக்கப்பறம் என்னோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் பிஎஃப் பணத்தையும் வாங்கறதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அலைஞ்சேன். ஸ்கூல் பேரு சொல்லப் போறதில்ல, அங்க இன்னும் என் ஃப்ரெண்ட்ஸ் வேல பாக்கறாங்க.

நான் பொறந்ததுல இருந்து ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம இருந்ததே இல்ல. அதனால மிஷன் ஸ்கூல்ல நமக்கு என்ன பிரச்சனை வந்துரப் போகுதுன்னு நெனச்சு ஆறு பக்க பேப்பர்ல படிக்காமயே கையெழுத்து போட்டேன். அவங்க வேற சபை. பேப்பர்ல நாலாவது பக்கத்துல, ஸ்டாஃப் எல்லாரும் வளாகத்துக்குள்ள நடக்கற ஆராதனைல மட்டுந்தான் கலந்துக்கணும், வேற சபைக்குப் போகக்கூடாதுன்னு ஒரு வரி இருந்துருக்கு. நான் வழக்கம்போல ஞாயித்துக்கிழமை காலைல எங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். மூணு தடவ கூப்ட்டு சொன்னாங்க, நாலாவது தடவ வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

அதுக்கப்பறம் தான் உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன், ரெண்டு வக்கீல பாத்தேன். புரிஞ்சது என்னன்னா, அந்த மாதிரி ஸ்கூலுக்கு நெஜமாவே சில உரிமை இருக்கு, நமக்கும் சில உரிமை இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு நாம சேரும்போது கையெழுத்து போடற பேப்பர் தான் பாதி தீர்மானிக்குது. கொடைக்கானல், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு மலைக்கு வேலைக்கு வர்ற புதுசா பிஎட் முடிச்ச பசங்க பொண்ணுங்களுக்காக எழுதறேன்.

1. அது எந்த வகை ஸ்கூல்னு முதல்ல கண்டுபிடிங்க

வாசல்ல சிலுவையோ ஓம் போர்டோ பிறையோ இருக்கறத வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கேள்வி தான் முக்கியம். ஒண்ணு, அரசு உதவி பெறும் பள்ளியா இல்ல சுயநிதியா? ரெண்டு, சிறுபான்மை அந்தஸ்து இருக்கா?

சிறுபான்மை அந்தஸ்து இருந்தா அரசியல் சட்டம் 30-வது பிரிவு அவங்களுக்கு பள்ளி தொடங்கவும் நிர்வாகம் பண்ணவும் உரிமை குடுக்குது. மதச் சிறுபான்மை மட்டும் இல்ல, மொழிச் சிறுபான்மையும் இதுல வரும், கூடலூர் பக்கம் மலையாளம் பேசறவங்க நடத்துற பள்ளியும் இதக் கேக்கலாம். ஆனா தமிழ்நாட்டுல ஒரு இந்து ட்ரஸ்டோ ஆசிரமமோ நடத்துற ஸ்கூல் மதச் சிறுபான்மைக் கணக்குல வராது. தகுதி இருக்கறவங்கள்ல யார எடுக்கணும்னு முடிவு பண்ற சுதந்திரம் சிறுபான்மைப் பள்ளிக்கு நெறைய இருக்கு. உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில கூட ஆசிரியர் நியமனத்துல இடஒதுக்கீட்ட கட்டாயப்படுத்த முடியாதுன்னு 2010-ல டெல்லியில ஒரு சிந்தி கல்விச் சங்கத்தோட வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அதனால "என்ன விட மார்க் கம்மியா இருக்கறவங்கள அவங்க சபைங்கறதால எடுத்துட்டாங்க"ன்னு கேஸ் போடலாம்னு யாராவது சொன்னா அவசரப்பட்டு காசு செலவு பண்ணாதீங்க. தனியார் முதலாளி மதம் பாத்து ஆள் எடுக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல பொதுவா ஒரு சட்டமே இல்ல, 15, 16-வது பிரிவெல்லாம் பெரும்பாலும் அரசாங்கத்தப் பாத்து பேசறது.

எப்படி கண்டுபிடிக்கறது? சிபிஎஸ்இ ஸ்கூல்னா அவங்க வெப்சைட்லயே கட்டாயமா போட வேண்டிய தகவல்னு ஒரு பக்கம் இருக்கும், எந்த ட்ரஸ்ட், எத்தன டீச்சர், அங்கீகாரக் கடிதம் எல்லாம் அதுல பாக்கலாம். ஸ்டேட் போர்டுன்னா மாவட்டத்துல தனியார் பள்ளிகளுக்குன்னு தனியா இருக்கற மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, கொடைக்கானல்னா திண்டுக்கல் மாவட்டம், நீலகிரின்னா ஊட்டி. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், 30 நாள்ல பதில் வரணும். ரெண்டே கேள்வி: அங்கீகாரம் எந்தத் தேதி வரைக்கும் இருக்கு, சிறுபான்மை அந்தஸ்து இருக்கா. ஏப்ரல்ல இன்டர்வியூன்னா பிப்ரவரிலயே போட்ருங்க.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) விஷயம் தனி. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல சிறுபான்மை அல்லாத பள்ளிகள்ல எட்டாம் வகுப்பு வரைக்கும் எடுக்கற, ஏற்கனவே வேலைல இருக்கறவங்களுக்கும், ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல இருந்தா டெட் கட்டாயம்னு ஆயிருச்சு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமாங்கற கேள்விய பெரிய பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. "எங்க ஸ்கூல்ல டெட் தேவையில்ல"ன்னு அவங்க சொல்றத நம்பி படிக்கறத விட்றாதீங்க, நாளைக்கு நீங்க வேற ஸ்கூலுக்கு மாறணும்னா அந்த பேப்பர் தான் உங்களுக்கு கை குடுக்கும்.

2. மலை ஏறறதுக்கு முன்னாடி போன்லயே இதக் கேட்ருங்க

இதக் கேக்கறதுக்கு நமக்கு கூச்சமா இருக்கும். எனக்கும் இருந்துச்சு, அதுக்கு நான் குடுத்த விலை பெருசு. மரியாதையா, நேரா கேளுங்க:

"சிஸ்டர், நான் வேற சபை, வேற மதம், இந்த வேலைக்கு அது ஓகேங்களா?"

"ஸ்டாஃபும் சேப்பலுக்கு வரணுமா? வந்து அமைதியா உக்காந்தா போதுமா, இல்ல ஜெபம் பண்ணணுமா?"

"ஞாயித்துக்கிழமை வெளிய எங்க கோயிலுக்குப் போகலாமா?"

"பூ, பொட்டு, ஹிஜாப், திருநீறு விஷயத்துல ரூல்ஸ் என்ன?"

முஸ்லிம் நண்பர்கள் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு பீரியட் அட்ஜஸ்ட் பண்ணுவாங்களான்னு கேளுங்க, அதோட பள்ளிவாசலுக்கு எவ்ளோ தூரம்னும் கேட்டுக்கங்க. மலையில ரெண்டு கிலோமீட்டர்ங்கறது ஏத்தமா இருந்தா அரை மணி நேரம். என் கூட வேல பாத்த ஒரு ஃபிசிக்ஸ் சார் இதெல்லாம் சேரும்போதே கேட்டு டைம்டேபிள்லயே வெள்ளிக்கிழமை அஞ்சாவது பீரியட காலியா வாங்கிக்கிட்டார், அவருக்கு ஒரு நாளும் பிரச்சனை வரல. முன்னாடியே கேட்டா அவங்களும் மனசு விட்டுப் பேசறாங்க, இது நான் கண்ணால பாத்தது.

போன்ல சொன்னத அன்னிக்கே வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ "நீங்க சொன்னபடி இப்படி இப்படி, நன்றி சிஸ்டர்"ன்னு ஒரு மெசேஜ் போட்டு வைங்க.

3. பைல் ரெடி பண்ற விதம்

பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, பிஎட், மார்க் ஷீட் எல்லாம் மூணு செட் ஜெராக்ஸ். ஆதார், பான், பழைய யுஏஎன் (பிஎஃப்) நம்பர் இருந்தா அது, பேங்க் பாஸ்புக். முந்தின ஸ்கூல் ரிலீவிங் ஆர்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட். நன்னடத்தைச் சான்று ரெண்டு. மெடிக்கல் ஃபிட்னெஸ் அரசு ஆஸ்பத்திரியில வாங்கினா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. போர்டிங் ஸ்கூல்னா போலீஸ் வெரிஃபிகேஷன் கேப்பாங்க, தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல நாமளே போடலாம், நான் 500 ரூபா கட்டினேன். சொந்த ஊர் ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து விசாரிக்கறதுனால அந்த சமயம் வீட்ல யாராவது இருக்கற மாதிரி பாத்துக்கங்க. சாதிச் சான்றிதழ் பழசா இருந்தா இ-சேவை மையத்துல 60 ரூபா.

கத்தோலிக்க ஸ்கூலுக்குப் போற கத்தோலிக்கர்கிட்ட பங்குத்தந்தை கடிதம் கேப்பாங்க, சிஎஸ்ஐ மாதிரி சபைன்னா போதகர் கடிதம். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போங்க, ஃபாதர் ஊர்ல இல்லாம போவாரு.

இப்ப பேரு விஷயம், இங்க தான் நெறைய பேரு மாட்டறாங்க. நம்ம வீடுகள்ல ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, ஸ்கூல் சர்ட்டிபிகேட் பேரு ஒண்ணு, ஆதார்ல இனிஷியல் விரிச்சு ஒண்ணுன்னு இருக்கும். ஸ்கூல் ஆபீஸ்ல "ஞானஸ்நானப் பேர்லயே ரெஜிஸ்டர் போட்டுக்கலாம்மா"ன்னு அன்பாத்தான் சொல்லுவாங்க, சரின்னு சொல்லிறாதீங்க. பிஎஃப்ல அந்தப் பேரு ஏறி, ஆதார்ல வேற பேரு இருந்தா, பணம் எடுக்கப் போகும்போது மொத்தமும் நின்னுரும். எனக்கு இது ஒண்ணுக்கே நாலு மாசம் போச்சு. சேர்ற அன்னிக்கே ஆதார்ல இருக்கற எழுத்து அப்படியே ரெஜிஸ்டர்ல இருக்கான்னு ஆபீஸ் ஸ்டாஃப் பக்கத்துல நின்னு பாருங்க.

4. இன்டர்வியூவுக்குப் போற நாள்

டீச்சர் எடுக்கறது பெரும்பாலும் மார்ச்ல இருந்து மே வரைக்கும், அது மலையில சீசன் நேரம். கார்ல, பைக்ல போறதா இருந்தா நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், 2025 சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டின்னு வரம்பும் போட்டாங்க. கவர்மென்ட் பஸ்ல போனா இந்தத் தலைவலி இல்ல. வத்தலக்குண்டுல இருந்தோ மேட்டுப்பாளையத்துல இருந்தோ விடியக்காலை முதல் பஸ் புடிச்சிருங்க, பத்து மணிக்கு மேல காட் ரோடு நகராது. டெமோ க்ளாஸ் பதினொரு மணின்னா முந்தின நாளே போய் தங்கறது இன்னும் நல்லது, ஆனா சீசன்ல ரூம் வாடகை கைய கடிக்கும், அதனால கெஸ்ட் ரூம் குடுப்பீங்களான்னு ஸ்கூல்லயே கேளுங்க, பெரும்பாலும் குடுக்கறாங்க.

ஒரிஜினல் எடுத்துட்டுப் போங்க, காட்டுங்க, திரும்ப பைக்குள்ள வைங்க.

5. கையெழுத்துக்கு முன்னாடி: விசுவாச அறிக்கை, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பாண்டு

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு தான் படிப்பேன்னா இதப் படிங்க.

சில ஸ்கூல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோட சேத்து விசுவாச அறிக்கைன்னு ஒண்ணு குடுப்பாங்க, சில இடத்துல அது ஸ்டாஃப் ஹேண்ட்புக் கடைசில இருக்கும், சில இடத்துல "ஸ்கூலோட நோக்கத்துக்கு இசைவா நடப்பேன்"ன்னு ஒத்த வரியா இருக்கும். அந்த ஒத்த வரி தான் ஆபத்து, அதுக்குள்ள எத வேணா அடக்கலாம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு நாளைக்குத் தர்றேன்"னு சொல்லுங்க. யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல, நாம தான் கேக்கறதில்ல.

படிக்கும்போது பென்சில் வச்சு ரெண்டு வகையா பிரிங்க. "நான் இத நம்பறேன்"ங்கற வரி ஒரு வகை. "நான் இத மதிப்பேன், இதுக்கு எதிரா பிள்ளைங்ககிட்ட பேச மாட்டேன்"ங்கற வரி இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்கு எந்த மதத்துக்காரங்களும் நேர்மையா கையெழுத்து போடலாம், ஒரு ஸ்கூல் தன்னோட நெறிய காப்பாத்திக்க அவ்ளோ எதிர்பாக்கறது எனக்கு நியாயமாத்தான் படுது. முதல் வகை உங்களுக்கு உண்மையில்லன்னா போடாதீங்க. பொய்யா விசுவாசம் சொல்றது அவங்களுக்கும் துரோகம், உங்க சாமிக்கும் துரோகம். "இந்த 3-வது, 7-வது வரிய 'மதிப்பேன்'ன்னு மாத்திக் குடுத்தா போடறேன்"னு எழுதிக் குடுங்க. மாத்திக் குடுத்த ஸ்கூல் இருக்கு. மாட்டோம்னு சொன்னா அது அவங்க உரிமை, வேற ஸ்கூல் பாக்கலாம், ஜூன்ல பொறப்படறதுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லது தானே.

இங்க ஒரு சட்டப் பிரிவ பலபேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. அரசியல் சட்டம் 28-வது பிரிவோட மூணாவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில படிக்கறவங்கள அவங்க சம்மதம் இல்லாம, சின்னப் பிள்ளைன்னா பெத்தவங்க சம்மதம் இல்லாம, மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு சொல்லுது. இது பிள்ளைங்கள மனசுல வச்சு எழுதினது. டீச்சருக்கும் இது காப்பாத்தும்னு நம்பி ஒப்பந்தத்துல கையெழுத்து போட்றாதீங்க. அதே மாதிரி வாட்ஸ்அப்ல அமெரிக்கா தீர்ப்பு ஒண்ணு சுத்தும், மதப் பள்ளி ஆசிரியர் விஷயத்துல கோர்ட் தலையிடாதுன்னு 2020-ல சொன்னது. அது அவங்க நாட்டு சட்டம். நம்ம ஊர்ல சிறுபான்மைப் பள்ளிக்கும் தொழிலாளர் நலச் சட்டம் பொருந்தும், 30-வது பிரிவு ஆள் எடுக்கற சுதந்திரம் தருது, சம்பளத்தையும் பிஎஃபையும் ஏமாத்தற சுதந்திரம் தரல. 1986-லயே டெல்லியில ஒரு சிறுபான்மைப் பள்ளி ஊழியர் வழக்குல, சம்பளத்தையும் சலுகையையும் மத்த பள்ளிக்கு சமமா குடுக்கச் சொல்றது சிறுபான்மை உரிமைய பறிக்கறது ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இதெல்லாம் இருக்கான்னு பாருங்க: பதவி, அடிப்படைச் சம்பளம் எவ்ளோ, ப்ரொபேஷன் எத்தன மாசம், நோட்டீஸ் பீரியட் எத்தன மாசம், அது ரெண்டு பக்கமும் ஒரே அளவா, டார்ம் (ஹாஸ்டல்) ட்யூட்டி, ஸ்டடி ட்யூட்டி எத்தன மணி நேரம், ஞாயித்துக்கிழமை லீவா. ஸ்கூல் லெட்டர்ஹெட், கரஸ்பாண்டன்ட் கையெழுத்து, சீல். "ஆர்டர் அப்பறம் தர்றோம், நீங்க முதல்ல வந்து சேருங்க"ன்னா சேராதீங்க.

பாண்டு. ரெண்டு வருஷம் இருக்கணும், நடுவுல போனா மூணு மாசச் சம்பளம் கட்டணும்கற மாதிரி கேப்பாங்க. பாண்டுன்னாலே செல்லாதுன்னு நெனச்சு போடாதீங்க, 2025 மே மாசம் ஒரு அரசு வங்கி ஊழியர் வழக்குல 2 லட்ச ரூபா பாண்ட செல்லும்னு சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. நான் சொல்றது, "நிர்வாகம் அனுப்பினா பாண்டு பொருந்தாது"ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. என்னோட பாண்டுல அந்த வரி இல்ல. அவங்களே என்ன போகச் சொல்லிட்டு, என்கிட்டயே பணமும் கேட்டாங்க.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட குடுக்கவே குடுக்காதீங்க. கல்விச் சான்றிதழ் அடமானம் வைக்கற பொருள் இல்லன்னு மெட்ராஸ் ஐகோர்ட்டே சொல்லியிருக்கு. அப்படியும் "சரிபாக்க ரெண்டு நாள் இருக்கட்டும்"னு கேட்டா, எதெல்லாம் குடுத்தேன், என்னிக்கு திரும்பக் கிடைக்கும்னு சீல் போட்ட ரசீது வாங்குங்க. நான் ரசீது இல்லாம குடுத்தேன்.

6. வேலைக்காக மதம் மாறாதீங்க, சாதிச் சான்றிதழ யோசிங்க

யாரும் நேரடியா மாறச் சொல்றதில்ல. "ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தா பெர்மனன்ட் ஆக வாய்ப்பு ஜாஸ்தி"ன்னு ஸ்டாஃப் ரூம்ல யாராவது காதுல போடுவாங்க. மனசார விசுவாசம் வந்து மாறறது உங்க உரிமை, அதுல யாரும் தலையிட முடியாது. வேலைக்காக மட்டும்னா ஒரு நிமிஷம் நில்லுங்க.

1950-ல வந்த பட்டியல் சாதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுந்தான் எஸ்சியா கருதப்படுவாங்க. எஸ்சியா இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறினவங்களுக்கு தமிழ்நாட்டுல பிசி தான். 2024 நவம்பர்ல, ஞானஸ்நானம் எடுத்து சர்ச்சுக்குப் போய்ட்டு இருந்த ஒரு புதுச்சேரி பொண்ணுக்கு எஸ்சி சான்றிதழ் குடுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்த ஒரு சான்றிதழ் போனா உங்களுக்கு டிஆர்பி, டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு வேலைத் தேர்வுக் கதவு பாதி மூடிரும், உங்க பிள்ளைங்க படிப்புக்கும் அது தொடும். தோடர், கோத்தர், இருளர், பணியர், பழியர் மாதிரி எஸ்டி பட்டியல்ல இருக்கற நம்ம மலை மக்களுக்கு தனி ஆணை, அதுல மத நிபந்தனை இல்ல. எப்படி இருந்தாலும் அப்ளிகேஷன்ல மதம்னு கேக்கற இடத்துல சாதிச் சான்றிதழ்ல இருக்கறதையே எழுதுங்க, ஒரு இடத்துல ஒண்ணு, இன்னொரு இடத்துல ஒண்ணுன்னு எழுதினது பின்னாடி உங்களுக்கே சாட்சியா வந்து நிக்கும்.

7. சம்பளமும் பிடித்தமும்

எனக்கு பேசினது 22,000. கைக்கு வந்தது 16,000-சொச்சம். குவார்ட்டர்ஸ், மெஸ், கரண்ட், பிஎஃப், அதோட "காணிக்கை"ன்னு ஒரு பிடித்தம். காணிக்கை நாமா விரும்பி குடுக்கறது, சம்பளத்துல புடிக்கறதுக்கு உங்க எழுத்துபூர்வ சம்மதம் வேணும், சேரும்போதே "இதுக்கு நான் சம்மதிக்கல"ன்னு சொல்லலாம். இன்னொரு மோசமான பழக்கம், பேங்க்ல முழுசா போட்டுட்டு ஒரு பகுதிய கையில திருப்பி வாங்கறது. அப்படிக் கேட்டா அந்த ஸ்கூல விட்டு வெளிய வர வழி பாருங்க.

பிஎஃப் கணக்கு இப்படி: 20 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்கற இடத்துல நம்ம பங்கு 12 சதவீதம், அவங்க பங்கு 12 சதவீதம். 15,000 அடிப்படைன்னா நம்மகிட்ட 1,800, அவங்க 1,800, அவங்க பங்குல 1,250 பென்ஷனுக்குப் போகும். என் சம்பளத்துல மாசம் 3,600 புடிச்சிருந்தாங்க, அதாவது ரெண்டு பங்கும் என் தலையில. முதல் மாச பே ஸ்லிப் வந்த அன்னிக்கே உமங் ஆப்ல பாஸ்புக் பாருங்க, பணம் ஏறியிருக்கான்னு மாசாமாசம் பாருங்க. மொத்தச் சம்பளம் 21,000-க்கு உள்ள இருந்தா இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) இருக்கான்னும் கேளுங்க.

கிராஜுவிட்டி டீச்சருக்குக் கிடையாதுன்னு இன்னும் சில ஆபீஸ்ல சொல்றாங்க. 1997 ஏப்ரல் 3-ல இருந்தே டீச்சருக்கும் உண்டுன்னு 2009-ல சட்டத்த திருத்தினாங்க, 2022 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு. அஞ்சு வருஷம் முடிச்சா, கடைசிச் சம்பளத்த 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி வருஷத்தால பெருக்குங்க. 26,000 சம்பளம், ஆறு வருஷம்னா 90,000. பிரசவ லீவு 26 வாரம், முந்தின 12 மாசத்துல 80 நாள் வேல பாத்திருந்தா போதும், கல்யாணம் பிரசவம்னு சொன்னா ராஜினாமா கேக்கற பழக்கத்துக்கு பணிஞ்சு போயிறாதீங்கம்மா.

மலைக்கு வர்ற முதல் மாசச் செலவையும் சொல்லிர்றேன். கம்பளி, ஸ்வெட்டர், நல்ல ஷூ, ஹீட்டர், குவார்ட்டர்ஸ் இல்லன்னா வீட்டு அட்வான்ஸ், ரெண்டு மாசத்துக்குத் தாங்கற காசு கையில இல்லாம ஏறாதீங்க. டவுனுக்குள்ள வீட்டு வாடகை ஹோம்ஸ்டே வந்ததுல இருந்து எகிறிருச்சு. கொடைக்கானல் டவுன்ல கிடைக்கலன்னா பெருமாள்மலை பக்கம் தேடிப் பாருங்க.

8. உள்ள இருக்கும்போது

காலைல அசெம்பிளில ஜெபம் நடக்கும்போது எந்திரிச்சு மரியாதையா நிக்கறது ஒண்ணும் தப்பில்ல. உதடு அசைக்கணும்னு யாராவது கட்டாயப்படுத்தினா, பிரின்சிபல தனியா பாத்து அமைதியா பேசுங்க, ஸ்டாஃப் ரூம்ல பேசாதீங்க. கத்தோலிக்க ஸ்கூல்ல கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, மத்தவங்களுக்கு நன்னெறின்னு பிரிச்சு க்ளாஸ் போடுவாங்க. உங்களுக்கு மறைக்கல்வி பீரியட் போட்டு அது உங்க நம்பிக்கை இல்லன்னா "எனக்கு நன்னெறி குடுங்க"ன்னு கேளுங்க, அது எல்லாருக்கும் வசதி. போர்டிங்ல சின்னப் பிள்ளை ஒண்ணு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தன்னோட வீட்டு சாமிய கும்பிட்டா அத தடுக்காதீங்க, அந்தப் பிள்ளைக்குத்தான் 28-வது பிரிவு முழுசா இருக்கு.

உங்க நம்பிக்கைய பிள்ளைங்ககிட்ட திணிக்கக்கூடாதுங்கறது உங்களுக்கும் பொருந்தும். நான் இருந்த எட்டு மாசத்துல என்கிட்ட படிச்ச பிள்ளைங்கள்ல பாதிப் பேரு எந்த மதம்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கு ட்ரிக்னாமெட்ரி வந்துச்சான்னு தான் தெரியும்.

ஒரு டைரி வைங்க. யாரு என்ன சொன்னாங்க, என்னிக்கு, யாரு கூட இருந்தாங்க. வாய்ல வந்த எச்சரிக்கைக்கு எழுத்துல பதில் குடுங்க. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல பாலியல் புகாருக்கு உள்புகார்க் குழு கட்டாயம், மூணு மாசத்துக்குள்ள குடுத்துரணும்.

9. போகச் சொன்னா, இல்ல நீங்களே போறதா இருந்தா

அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுன்னு மேசையில பேப்பர தள்ளுவாங்க. எழுதாதீங்க. ராஜினாமா எழுதிட்டா "அவங்களா போனாங்க"ன்னு ஆயிரும். ஒழுங்கு நடவடிக்கைன்னா குற்றச்சாட்டு எழுத்துல குடுத்து உள்விசாரணை நடத்தணும், சுயநிதிப் பள்ளியா இருந்தாலும் இது வேணும்னு சுப்ரீம் கோர்ட்டோட 2002 டிஎம்ஏ பாய் தீர்ப்புலயே இருக்கு. "காரணத்த எழுத்துல குடுங்க, பதில் சொல்ல டைம் குடுங்க"ன்னு ஒரு லெட்டர் எழுதி, ஆபீஸ்ல குடுத்து, காப்பில சீல் வாங்குங்க. வாங்க மாட்டோம்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி எடுத்து வைங்க.

அடுத்தது எந்த வாசல தட்டணும்கறது. இங்க நான் மூணு மாசம் வீணாக்கினேன். லேபர் கோர்ட்டுக்குப் போனா, டீச்சர் 'தொழிலாளி' இல்லன்னு 1988 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, திருப்பி அனுப்பிருவாங்க. டிரைவர், ஆயாம்மா, சமையல்காரர் அங்க போகலாம், நாம முடியாது. ஐகோர்ட்ல ரிட் மனு? சுயநிதிப் பள்ளியில சாதாரண சர்வீஸ் தகராறுக்கு ரிட் நிக்காதுன்னு 2022-ல சொல்லிட்டாங்க. உதவி பெறும் பள்ளின்னா நிலைமை வேற, வக்கீல்கிட்ட கேளுங்க. கொடைக்கானல் கேஸ் மதுரை கிளைக்குப் போகும், நீலகிரி கேஸ் சென்னைக்கு.

நான் பண்ணினது, உங்களுக்கும் சொல்றது இது தான். முதல்ல தனியார் பள்ளி மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் புகார், தபால் ரசீதோட. அப்பறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100-க்கு போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, இது பலபேருக்குத் தெரியல. அங்க இருந்து ஸ்கூலுக்கு ஒரு நோட்டீஸ் போச்சு, ரெண்டு தரப்பையும் உக்கார வச்சாங்க, மூணாவது தடவ பேசும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் என் கைக்கு வந்துச்சு, பாண்டு பணத்தையும் விட்டுட்டாங்க. பாக்கிச் சம்பளத்துக்கு சிவில் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா மூணு வருஷத்துக்குள்ள போகணும்.

பிஎஃப்ல அவங்க எக்ஸிட் தேதி போடாம இழுத்தா காத்துட்டு இருக்காதீங்க, கடைசியா பணம் ஏறி ரெண்டு மாசம் கழிச்சு யுஏஎன் போர்டல்ல நாமளே எக்ஸிட் போடலாம். அடுத்த ஸ்கூல் கிடைச்சிருந்தா பணத்த எடுக்காம மாத்திக்கங்க, பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் சேரணும். அவங்க பங்கையும் நம்ம தலையில புடிச்சிருந்தா பே ஸ்லிப்ப ஸ்கேன் பண்ணி இபிஎஃப்ஓ குறைதீர்ப்பு போர்டல்ல ஏத்துங்க, எனக்கு எட்டு மாசத்துக்கு 14,400 வர வேண்டியிருந்துச்சு, வந்துருச்சு.

ரிலீவிங் ஆர்டர்ல "சபை ஒழுங்கு மீறியதால்"ன்னு எழுதியிருந்தா வாங்கிட்டு வந்துறாதீங்க, அடுத்த ஸ்கூல்ல முதல்ல படிக்கறது அந்த வரியத்தான். வேல பாத்த தேதியும் பாடமும் மட்டும் போட்டு மாத்தித் தரச் சொல்லுங்க. மழைக்காலம் ஆரம்பிச்சுட்டா, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், மண் சரிஞ்சு ரோடு அடைக்கும், அந்த மாசத்துல ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்க மலைக்குப் போறதா இருந்தா முந்தின நாள் சாயங்காலமே போன் பண்ணி, கையெழுத்து போடறவங்க இருக்காங்களான்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க.